விளக்கு வைக்கும் நேரத்துப் பதற்றம்: முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மறதி நோய் கண்ட மூதாட்டி ஒருவர் பகல் முழுவதும் அமைதியாக இருந்துவிட்டு, மாலை 5 மணி நெருங்கியதும் முந்தானையை முறுக்கத் தொடங்குவதும், வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடப்பதும், "வீட்டுக்குப் போவணும், மாடு வந்துடும்" என்று கெஞ்சுவதும், தடுத்தால் கையை ஓங்குவதும் முதியோர் இல்லப் பணியாளர்கள் அனைவரும் அறிந்தவையே. இது பிடிவாதமும் அன்று, நடிப்பும் அன்று. பகல் இரவை உணர்த்தும் மூளையின் உட்கடிகாரம் இந்நோயில் பழுதடைகிறது. அன்றைய களைப்பும், மங்கிய வெளிச்சத்தில் பொருள்கள் உருமாறித் தோன்றுவதும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே மாலையில் தோன்றும் பதற்றத்திற்கான வேலையைக் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பல வாரங்களாக மாலைதோறும் வரும் பதற்றம் வேறு. நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் ஆள் தெரியாமல் பிதற்றுவதோ, எழுப்ப முடியாதபடி மயங்கிக் கிடப்பதோ வேறு. பின்னது சன்னி நிலை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பு, நுரையீரல் தொற்று, புதிதாகத் தொடங்கிய மருந்து என அதற்குக் காரணம் ஏதேனும் இருக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் இவர்கள் தாமாகத் தண்ணீர் கேட்பதில்லை என்பதால், மருத்துவர் நீரைக் குறைக்கச் சொல்லாதவர்களுக்கு 2 மணி நேரத்திற்கு ஒருமுறை தண்ணீரோ நீர்மோரோ கையில் கொடுத்துக் குடிக்கவைப்பது நல்லது.

காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் அரை மணி நேரமாவது முற்றத்திலோ திண்ணையிலோ வெளிச்சம் முகத்தில் படும்படி அவர்களை உட்காரவையுங்கள். கீரை ஆய்தல், பூத் தொடுத்தல், துணி மடித்தல் போன்ற பழகிய வேலைகளையும், குளியல், மருத்துவப் பரிசோதனை போன்ற சிரமம் தரும் காரியங்களையும் முற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். மதிய உறக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டாமலும், 3 மணிக்குப் பிறகு நீளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 மணிக் காபியைத் தஞ்சை மாவட்டத்து முதியவரிடமிருந்து பறிப்பது எளிதன்று. ஆனால் உடலில் ஏறிய காபியின் வீரியம் பாதியாவதற்கே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். காலையில் திக்கான காபியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் அதே டம்ளர் டவராவில் காபித்தூள் சேர்க்காத சுக்குமல்லிக் கஷாயத்தையோ பாலையோ ஆற்றிக் கொடுத்தால் பலர் ஏற்றுக்கொள்வார்கள்.

இனி மாலை. கொசுவுக்குப் பயந்து 5 மணிக்கே சன்னல்களை அடைக்கிறோம். அறை இருண்டு புழுங்குகிறது. ஷிப்ட் மாறுவதும் அப்போதுதான், தொலைக்காட்சித் தொடர்களில் அழுகையும் கூச்சலும் தொடங்குவதும் அப்போதுதான். பதற்றத்தில் ஒரு பங்கை இல்லமே உண்டாக்குகிறது என்பது என் கருத்து. சன்னலுக்கு வலை அடித்து, இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். கார்த்திகையில் இப்பகுதியில் 5.45 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும்; அடைமழை நாள்களில் 4 மணிக்கே அறை மங்கிவிடும் என்பதால் கடிகாரத்தைப் பாராமல் வானத்தைப் பார்த்து விளக்கிட வேண்டும். இன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்பதை மழைக்காலத்திற்கு முன்பே சோதித்துவிடுங்கள். இரவில் கண்ணாடிச் சன்னலில் தெரியும் தம் உருவத்தையே அந்நியர் என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. திரையை இழுத்துவிட்டால் போதும். பணியாளர் ஒருவர் கிளம்பும்போது அடுத்தவரை அழைத்துவந்து முகத்தைக் காட்டிவிட்டுச் செல்வது நலம்.

"வீட்டுக்குப் போவணும்" என்பவரிடம் "இதுதான் உங்க வீடு" என்று வாதிடுவது பயன் தராது. கணவரைத் தேடுபவரிடம் "அவர் செத்துப் பத்து வருஷமாச்சு" என்றால், அந்தச் சாவு அவருக்கு அன்றைக்குத்தான் நிகழ்கிறது. எதிரே வந்து, அவர் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து உட்கார்ந்து, "எத்தனை மாடும்மா? எது நல்லாக் கறக்கும்?" என்று கேளுங்கள். அந்த வேளையில் அவர் ஆயுள் முழுவதும் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே விசாரித்து எழுதிவைத்துக்கொண்டால், அவர் எதைத் தேடுகிறார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். திருபுவனத்தில் தறி நெய்தவர் கைக்குப் பட்டுத் துணி ஒன்று போதும். விளக்கேற்றிப் பழகியவருக்குத் திரியைத் திரிக்கக் கொடுக்கலாம். நெருப்பு பணியாளர் கையில் இருக்கட்டும். விவசாயியிடம் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியதைப் பற்றிக் கேட்டால் பேச்சு நீளும். "அப்பாயி", "ஐயா" என்று வீட்டில் அழைக்கப்பட்ட முறையிலேயே அழையுங்கள்.

நடக்க விரும்புபவரைக் கட்டிப்போடாதீர்கள். கட்டுவதால் மிரட்சியும் காயமும் கூடும். கூடவே நடந்து, வாயில்வரை சென்று, பேச்சுக்கொடுத்தபடி கொல்லை வழியாக உள்ளே அழைத்துவரலாம். ஆனால் வாயிற்கதவு எந்நேரமும் கண்காணிப்பில் இருக்க வேண்டும்: மேட்டூர் அணை திறப்பதற்கான வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவதற்கான நாள் ஜனவரி 28, இடைப்பட்ட மாதங்களில் நம் ஊர்களின் வாய்க்கால்களில் நீர் ஓடும், குளங்களோ மழை முடிந்தும் நிறைந்திருக்கும்.

மாத்திரை கடைசி வழி. மனப்பிறழ்வுக்குத் தரும் மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. தூக்க மாத்திரைகளால் முதியோர் தடுக்கி விழுவது அதிகரிக்கிறது. சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமின்கூடக் குழப்பத்தைக் கூட்டும். அதற்காக ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பதற்றம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாக மலம் கழித்தது எப்போது, எதனால் அடங்கியது என்று 10 நாள்கள் ஒரு நோட்டில் குறித்து, அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளுடனும் அதை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.