வீட்டு நாஸ்: காசை டிஸ்க்கில் போடுங்கள்

வீட்டிலேயே நாஸ் சர்வர் (நெட்வொர்க் வழியாக எல்லாரும் ஃபைல் போட்டு எடுக்கும் சேமிப்புப் பெட்டி) கட்ட நினைப்பவர்கள் முதலில் பிராசஸரைத்தான் தேடுவார்கள். அதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்குச் சுமார் 110 எம்பிதான் போகும். அதற்கு இன்டெல் என்100 மாதிரி சின்ன பிராசஸரே தாராளம். பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் கிடைத்தாலும் சரி, உள்ளே 3.5 அங்குல டிஸ்க் எத்தனை பிடிக்கும், டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட் எத்தனை இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கவனம் முழுக்க டிஸ்க்கில் இருக்கட்டும். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பவற்றையும் மறுபடி எழுத வேண்டிவரும். கெட்ட டிஸ்க்கை மாற்றி ரெய்டை (ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்கைச் சேர்த்த அமைப்பு) மீட்கும்போது இது பெரிய தலைவலி. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகையான சிஎம்ஆர் என்று போட்டிருப்பதையே எடுங்கள். பெட்டியில் 'நாஸ்' என்று இருந்தால் மட்டும் போதாது: வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே வந்தது. அப்புறம் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். மாடல் எண்ணை நிறுவனத்தின் டேட்டாஷீட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ரேம் 8 ஜிபி போதும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போடுவதாக இருந்தால் 16 வைத்துக்கொள்ளலாம்.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். நாள் முழுக்க ஓடும் பெட்டி 10 வாட் கூடுதலாக இழுத்தாலே வருடத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல் ஏறும். சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம். கரண்ட் போனால் யூஎஸ்பி கேபிள் வழியாகச் சர்வரைத் தானே ஷட்டவுன் செய்யச் சொல்லும் மாடலாக இருக்கட்டும். ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். தவறி அழித்த ஃபைல் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.