பாக் சோய் வதக்கல்: தண்டு முதலில், இலை கடைசியில்

முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த சீனக் காய் பாக் சோய். இதன் தண்டு வேக இரண்டு மூன்று நிமிடம் ஆகும், இலைக்கு அரை நிமிடமே போதும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இலை கூழாகும், தண்டு பச்சையாகவே நிற்கும்.

இரண்டு பேருக்கு: பாக் சோய் 300 கிராம், பூண்டு 4 பல், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி.

1. அடிக்கட்டையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டித் தண்டுகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். தண்டின் அடி, கரண்டி மாதிரி குழிந்திருக்கும். மண் ஒளிந்திருப்பது அங்கேதான். முழுசாகக் குழாயடியில் காட்டினால் போகாது. தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, குழிவை விரலால் தேய்த்துக் கழுவுங்கள்.

2. நன்றாக வடியவிட்டுத் துணியால் ஒற்றுங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ஈரம் இருந்தால் வாணலியின் சூடு இறங்கி, வதங்க வேண்டியது அவிந்துவிடும்.

3. தண்டை இரண்டு செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். இலையைப் பெரிதாகவே விடுங்கள், எப்படியும் சுருங்கிவிடும்.

4. எண்ணெய் காய்ந்ததும் நசுக்கிய பூண்டைப் போடுங்கள். வாசம் வந்த உடனே, நிறம் மாறுவதற்குள், தண்டைச் சேருங்கள். பூண்டு கருகினால் எல்லாமே கசக்கும். தீயைக் குறைக்காமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். தண்டின் ஓரம் கண்ணாடி போல் தெரிய ஆரம்பித்தால் அதுதான் பதம்.

5. இலை, சோயா சாஸ், மிளகுத்தூள். முப்பது நொடி புரட்டி இறக்குங்கள். சாஸிலேயே உப்பு இருக்கிறது. தனி உப்பு ருசி பார்த்த பிறகுதான். முன்கூட்டியே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். மூடி போடாதீர்கள், பச்சை நிறம் மங்கும்.

பச்சையாக 100 கிராமில் சுமார் 13 கலோரி, வைட்டமின் சி 45 மி.கி., கால்சியம் 105 மி.கி. பாலக்கிலும் ஏறக்குறைய இதே அளவு கால்சியம் உண்டு, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற இயற்கைப் பொருள் அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பாக் சோயில் ஆக்சலேட் மிகக் குறைவு என்பதால் கால்சியம் உடம்பில் நன்றாகச் சேரும். வைட்டமின் சி தண்ணீரில் கரைந்துவிடும். வேகவைத்து நீரைக் கொட்டுவதைவிடச் சட்டென்று வதக்குவது மேல்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதன் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இதில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே உண்டு, அது மாத்திரையின் வேலையைப் பாதிக்கும்.

சூப்பிலும் இதே வரிசைதான்: கொதிக்கும்போது தண்டு, அடுப்பை அணைத்தபின் இலை. மிச்சமுள்ள பாக் சோயைக் கழுவாமல் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.