முப்பது நிமிட வைஃபையும் சித்தப்பாவின் ஓடிபியும்

தருமபுரியில் இலவச வைஃபை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: ரயில் நிலையத்தில். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதுவும் இல்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் அந்த ஊருக்கு ரயிலே வருவதில்லை. சில தேநீர்க் கடைகளிலும் விடுதிகளிலும் கேட்டால் கடவுச்சொல்லைச் சொல்வார்கள். ஒரு காபி வாங்கிக்கொண்டு கேட்பது மரியாதை.

நான் கனடாவின் மிசிசாகாவிலிருந்து மூன்று வாரத்துக்குப் போயிருந்தேன். அப்பா இறந்தபின் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. இணைய இணைப்பும் போய்விட்டது. பிடமனேரியில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். அங்கே நல்ல வேகத்தில் வைஃபை உண்டு. ஆனால் வைஃபை பெட்டி கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் சித்தப்பா இருக்கிறார். மடிக்கணினியைத் திறந்தவுடன், "கண்ணு, அந்த அதியமான்கோட்டை அரை ஏக்கர்..." என்று ஆரம்பித்துவிடுவார். அப்பா பங்கை விட்டுக்கொடுப்பதாக நான் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது அவர் ஆசை. அதிலிருந்து தப்பிக்கத்தான் ஊரில் பொது வைஃபை தேடிக் கிளம்பினேன்.

ரயில் நிலையத்தில் செய்யவேண்டியது எளிது. கைப்பேசியில் ரயில்வயர் என்ற இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் திறக்கும். பத்து இலக்க எண்ணைக் கொடுத்தால் குறுஞ்செய்தியில் ஓடிபி வரும். ஒரு நாளில் முதல் முப்பது நிமிடம் இலவசம், வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட். மின்னஞ்சல் அனுப்பலாம், வாட்ஸ்அப் பேசலாம். படம் பார்க்க நினைக்காதீர்கள். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுள் கைகொடுக்கத் தொடங்கிய திட்டம் இது. 2020-இல் கூகுள் விலகிக்கொண்டாலும் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் நடத்திக்கொண்டிருக்கிறது. நடைமேடையின் கோடிக்குப் போனால் அலை தேய்ந்துவிடும். நுழைவாயிலை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சுதான் சரியான இடம். பெங்களூரு வண்டி வரும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் இணைவதால் பக்கமே திறக்காது. வண்டி போகட்டும் என்று காத்திருங்கள்.

இத்தனையும் இந்திய எண் இருந்தால்தான். கனடா எண்ணைப் போட அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. கிளம்பும் முன் வாங்கிய பயண இசிம் (அட்டை இல்லாத மின்னணு சிம்) இணையம் தரும், எண் தராது. எண் இல்லாத இடத்துக்கு ஓடிபி எப்படி வரும்? 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் பெட்டிக்கடைக்காரர்கூட வைஃபை விற்கலாம். அங்கும் முதலில் எண்ணைத்தான் கேட்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ பூட்டாமல் விட்டிருந்த வைஃபை வழியாகப் போயிருந்தது. மறு ஆண்டே தொலைத்தொடர்புத் துறை, யார் இணைகிறார் என்று தெரியாமல் பொது இடத்தில் இணைப்புத் தரக்கூடாது என்று விதித்தது. நியாயம்தான். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நியாயம் உதவாது.

அன்று கை தானாக என் பழைய எண்ணை அழுத்தியது. கல்லூரி நாளிலிருந்து இருந்த எண். 'ஓடிபி அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. யாருக்கு?

தொண்ணூறு நாள் ஒரு அழைப்போ குறுஞ்செய்தியோ இல்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம். கணக்கில் இருபது ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னொரு முப்பது நாள் தருவார்கள். நிறுத்திய எண்ணை மேலும் தொண்ணூறு நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இந்தக் கணக்கெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. என் சிம்மைப் பழைய நோக்கியாவில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். நாலு ரோட்டுக் கடையில் பணம் போட்டு, அந்தத் துண்டுச் சீட்டைக் காலண்டர் ஆணியில் குத்துவார். மாதம் ஒருமுறை அதிலிருந்து தன் போனுக்கே ஓர் அழைப்பு. அம்மா சிரிப்பாளாம்: "மகன் கூப்பிடுகிறான், எடுங்கள்." அப்பா போனபின் அந்தப் போனை நாங்கள் யாரும் சார்ஜ் போடவில்லை. சீட்டுகள் இன்னும் ஆணியில் இருக்கின்றன. மேலே இருப்பது வெளுத்து எழுத்தே தெரியவில்லை.

எண்ணை விட்டுவிட்டால் வங்கிக் கணக்கின் ஓடிபியும் அந்த யாரோ ஒருவருக்குத்தான் போகும். நாட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே வங்கியில் எண்ணை மாற்றிவிடுங்கள். நான் மாற்றவில்லை.

புது சிம் வாங்கப் போனேன். கடைப் பையன் கேட்டவை: பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது), புகைப்படம், உள்ளூரில் என்னைத் தெரிந்த ஒருவரின் முகவரி, அவருடைய எண். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும், அவர் படித்துச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதில், பிறந்த ஊரில், என்னைத் தெரியும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். கூடப் படித்தவர்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சித்தப்பாவை அழைத்தேன்.

"வந்திருக்கிறது கண்ணு. கண்ணாடி எங்கே வைத்தேன்... இரு."

கண்ணாடி கிடைத்தது. "நான்கு... ஏழு..." அங்கே நிறுத்தினார். "ஆமாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நாளைக்குக் கூட்டம் இருக்காதாம். ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாமா?"

"சித்தப்பா, மீதி எண்ணைச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன். நாளைக்கு முடியுமா முடியாதா?"

பையன் என்னைப் பார்த்தான். திரையில் நேரம் முடிந்து, மறுபடி அனுப்பு என்று வந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டபோது சித்தி எடுத்தார். அவர் கடைசியிலிருந்து படித்தார். மூன்றாவது முறை நான், "நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் சித்தப்பா" என்றேன். ஒரே மூச்சில் ஆறு இலக்கமும் வந்தது. பையன் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

ஆகவே உள்ளூர் சாட்சியாக யாரைக் கொடுக்கலாம் என்று விமானம் ஏறும் முன்பே யோசித்து வையுங்கள். உங்களோடு நிலம் இல்லாத ஒருவராக இருந்தால் நல்லது. கடைக்கு அவரையும் நேரில் அழைத்துப் போங்கள். சிம் மறுநாள்தான் உயிர்பெறலாம். முதல் நாள் வேலைகளை அதை நம்பி வைக்காதீர்கள்.

பத்திரம் என்னாயிற்று என்கிறீர்களா? நாளை, நாளை என்று தள்ளி விமானம் ஏறிவிட்டேன். கிளம்பும்போது சித்தப்பா வாசலில் நின்று, "அந்த சிம்மை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ, அண்ணன் மாதிரி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கொடுக்கவில்லை. வங்கிக் கணக்கு இணைந்த சிம்மை யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது சரியான அறிவுரை, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சிம் என் கைப்பேசியின் இரண்டாவது துளையில் இருக்கிறது. போன வாரம் அதற்குப் பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தது, நான் போடவில்லை. சற்று நேரத்தில் சித்தப்பா வாட்ஸ்அப்பில் நாலு ரோட்டுக் கடையின் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதன் கீழே ஒரே சொல்: "பத்திரம்?"