திதி பார்க்கக் கற்றுக்கொள்வோம்: வளர்பிறையும் தேய்பிறையும் சொல்லும் பொருள்

நாட்கலண்டரில் திகதிக்குக் கீழே சின்ன எழுத்தில் "அட்டமி பி.ப 7.10 வரை" என்பதுபோல ஒரு வரி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த வரியை இரண்டு காரணத்துக்காகத்தான் பார்ப்பார்கள். நல்ல காரியம் தொடங்கலாமா? இன்றைக்கு மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாமா? அந்த வரி எப்படி வருகிறது, அதற்குப் பெரியவர்கள் என்ன பொருள் வைத்தார்கள் என்பதைப் புதிதாகப் படிக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாத்திரம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும். கிழக்கே திறந்த கடல் இருந்தால் இன்னும் வசதி. திருகோணமலைக்காரருக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது.

தொடங்குமுன் ஒரே ஒரு அடிப்படை. பிறை என்பது சந்திரனுடைய தனிப்பட்ட விஷயம் கிடையாது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே வானத்தில் எத்தனை பாகை இடைவெளி என்பதுதான் பிறை. இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி முடிகிறது. 360 பாகைக்கு 30 திதி: அமாவாசை முடிந்து பூரணை வரை 15, அது வளர்பிறை, பஞ்சாங்கத்தில் பூர்வபக்கம். பூரணை முடிந்து அமாவாசை வரை 15, அது தேய்பிறை, அபரபக்கம். ஒரு சுற்று ஏறக்குறைய 29½ நாள்.

ஜோதிடத்தில் சூரியன் ஆன்மகாரகன் (ஆன்மாவைக் குறிப்பவன்), சந்திரன் மனோகாரகன் (மனத்தைக் குறிப்பவன்). இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். ஆன்மாவிலிருந்து மனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்பதன் அளவுகோலாகத் திதி ஆகிவிடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எந்தத் திதிக்கு என்ன பலன் என்ற பட்டியலைப் பாடமாக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேல் நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

படி 1: ஒரு பஞ்சாங்கத்தைப் பிடியுங்கள், மாற்றாதீர்கள்

நம் நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் புழக்கத்தில் உண்டு. வாக்கியம், சந்திரனின் போக்கை 248 சிறு வாக்கியங்களில் அடக்கிவைத்த பழைய கணக்கு. வரருசி செய்தது என்பது மரபு. திருக்கணிதம் இக்கால வானியல் கணிப்பின்படி வருவது. இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணித்தியாலம்கூட வேறுபடலாம், அதனால் சில வருடம் விரதநாளே மாறிப்போகும். எது சரி என்று முகநூலில் சண்டை பிடிப்பவர்களை விட்டுவிடுங்கள். வானத்தைப் பார்த்துச் சரிபார்க்கத் திருக்கணிதம் பொருந்திவரும். விரதத்துக்கு நீங்கள் போகும் கோயிலில் எதைப் பின்பற்றுகிறார்களோ அதையே பின்பற்றுங்கள்.

படி 2: நாழிகையை மணியாக்குங்கள்

கலண்டரில் மணியாகவே இருக்கும். பஞ்சாங்கப் புத்தகத்தில் நாழிகை, விநாழிகையாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு நாழிகை 24 நிமிடம், 60 விநாழிகை சேர்ந்தால் ஒரு நாழிகை. கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்கும். "நவமி நா. 32 வி. 30" என்றால் 32½ × 24 = 780 நிமிடம், அதாவது 13 மணித்தியாலம். அன்று உதயம் காலை 6 மணி என்றால் இரவு 7 மணிக்கு நவமி முடிந்து தசமி பிடிக்கிறது.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 19 மணித்தியாலத்திலும் முடியலாம், 26 மணித்தியாலமும் நீளலாம். ஒரே திதி இரண்டு உதயத்தைத் தொடுவதும், ஒரு திதி எந்த உதயத்தையும் தொடாமலே கழிந்துபோவதும் இதனால்தான். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 3: புத்தகத்தை மூடிவிட்டு வானத்தைப் பாருங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிப் போகிறார்கள். போனில் ஒரு செயலி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு மாதம் வானத்தைப் பார்த்தவருக்குத் திதி கையில் வந்துவிடும். செயலியை மட்டும் பார்த்தவருக்கு அது எப்போதும் ஒரு பெயர்தான்.

பூரணையில் தொடங்குங்கள். பின்னேரம் டச் பே கடற்கரைக்கோ கோணேசர் மலைக்கோ போய், சூரியன் சாயும் நேரத்தில் கிழக்கே கடலைப் பார்த்து நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால், துறைமுகப் பக்கம் சூரியன் இறங்கும். அதே நேரத்தை ஒட்டி முன்னால் கடலிலிருந்து நிலவு ஏறும், முதலில் மங்கலான செம்மஞ்சளாக. நீங்கள் நிற்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 180 பாகை என்று பஞ்சாங்கம் சொல்வது இதைத்தான். அடுத்த நாளும் அதே இடத்துக்குப் போனால் நிலவு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழும்பும். அதற்கடுத்த நாள் இன்னும் பிந்தும். தேய்பிறை அட்டமியில் நடுச்சாமத்தை ஒட்டித்தான் உதிக்கும். திரயோதசி, சதுர்த்தசியில் விடியற்புறம் எழுந்தால்தான் மெல்லிய கீற்றாகக் கடலுக்கு மேலே காணலாம்.

வளர்பிறைக்கு இடம் மாறுங்கள். மூன்றாம் பிறை மேற்கில், உட்துறைமுகப் பக்கம், சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரம்தான் தெரியும். கிண்ணியாவிலும் மூதூரிலும் இஸ்லாமிய மாதப்பிறப்புக்குத் தலைப்பிறை தேடுகிறவர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இதே இடத்தைத்தான். வளர்பிறை அட்டமியில் பொழுதுபடும்போது பாதிநிலவு உச்சியை ஒட்டி நிற்கும். பாதிநிலவு என்றால் 90 பாகை. 90ஐ 12ஆல் வகுத்தால் ஏழரை. அதாவது ஏழு திதி கழிந்து எட்டாவதின் நடு. கணக்கும் கண்ணும் இப்படிப் பொருந்துவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

நாலாம் பிறையைப் பார்த்தால் நாய்படாத பாடு படவேண்டும் என்று சொல்லிப் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். பிள்ளையாரைப் பார்த்துச் சந்திரன் சிரித்த கதையோடு வந்த வழக்கம் அது. நம்புபவர்கள் அன்று மட்டும் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் தொடருங்கள், பாடம் கெடாது.

படி 4: பொருளைப் படியுங்கள்

அமாவாசை: இடைவெளி பூச்சியம். மனம் ஆன்மாவோடு ஒடுங்கிய நிலை. பிருகதாரண்யக உபநிடதம் இதை அழகாகச் சொல்கிறது. காலமாகிய பிரஜாபதிக்குப் பதினாறு கலை. பதினைந்து கலை இரவுகளாக வளர்ந்து தேயும், பதினாறாவது மட்டும் நிலையானது. அமாவாசை இரவில் அவன் அந்தப் பதினாறாவது கலையோடு எல்லா உயிர்களுக்குள்ளும் புகுந்து மறுநாள் காலையில் பிறக்கிறான், ஆகவே அந்த இரவில் ஒரு உயிரையும் கொல்லாதே, ஓணானைக்கூட. அமாவாசையில் மச்சம் விலக்கும் நம்முடைய வழக்கத்தை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பிதிர்க்கடன் இந்த நாளுக்கு வந்ததும் பொருத்தம்தான். கண்ணுக்குத் தெரியாமல் போன நிலவு இல்லாமல் போகவில்லை என்பதை அறிந்த நாளில், கண்ணுக்குத் தெரியாமல் போனவர்களை நினைக்கிறோம். எங்கள் பக்கத்தில் ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களுக்குரிய விரதம். அன்றைக்குச் சந்தையில் காத்தோட்டிக்காய் தேடுவார்கள். தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. தந்தைக்கு மறைந்த நிலவு, தாய்க்கு நிறைந்த நிலவு. பிதிர்க்கடன் என்றதும் இங்கே நினைவுக்கு வருவது கன்னியா. அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தாய்க்குக் கிரியை செய்வதற்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம்.

வளர்பிறை: மனம் புறப்பட்டு வெளியே வரும் காலம். தொடங்குதல், கற்றல், கேட்டுப் பெறுதல் எல்லாம் இதற்குள் அடங்கும். ஐப்பசியில் பிரதமை தொடங்கிச் சஷ்டி வரை கந்தசஷ்டி பிடிப்பவர்கள் பிறையோடு சேர்ந்து உறுதியை ஏற்றுகிறார்கள். பாதி வழியில் அட்டமி வரும். அட்டமி, நவமி என்றாலே ஆகாது என்று ஒதுக்குவது வழக்கம். நான் அதை அப்படிப் பார்ப்பதில்லை. வெளிச்சமும் இருளும் சரிபாதியாக இழுக்கும் நாளில் புதுக்காரியம் வேண்டாம் என்பது புரிகிறது. அதற்காக அந்த நாளே கெட்டது என்றால், அட்டமியில் வைரவருக்கு ஏன் விளக்கேற்றுகிறோம்?

பூரணை: மனம் ஆன்மாவுக்கு நேரெதிரே நின்று முழு ஒளியையும் வாங்கித் திருப்பிக் காட்டுகிறது. நன்றி, தானம், கூட்டு வழிபாடு இதற்குரியவை. இங்கே ஒரு வாதத்தை அடிக்கடி கேட்பீர்கள்: பூரணையில் கடல் பொங்குகிறது, நம் உடம்பிலும் தண்ணீர் இருக்கிறது, அதனால் மனமும் பொங்குகிறது என்று. இதை விட்டுவிடுங்கள். பூரணையில் வரும் பெருக்கு அமாவாசையிலும் அதேபோல வருகிறது, உடம்பின் அளவுக்கு அந்த இழுப்பு ஒன்றுமேயில்லை. சாத்திரம் சொல்வது குறியீடு. அதைப் பௌதிகமாக்கப் போனால் பௌதிகமும் போய்விடும், சாத்திரமும் போய்விடும். நிலவு காலத்தில் வலையில் மீன் குறைவு என்று கடற்றொழிலாளர் சொல்வது வேறு கதை. வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுவிடுகிறது, விளக்கு வைத்துக் கூட்டுவதும் எடுபடாது.

தேய்பிறை: இதற்குத்தான் ஆட்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஒளி குறைவதைக் கேடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மனம் வெளியில் அலைந்தது போதும் என்று திரும்பி வரும் வழிதான் இது. கடன் அடைக்க, பழக்கம் விட, வீடு ஒதுக்க, மன்னிக்க நல்ல காலம். சங்கடஹர சதுர்த்தி தேய்பிறையில்தான் வருகிறது. சிவராத்திரி எந்தத் திதி என்று பாருங்கள்: தேய்பிறைச் சதுர்த்தசி. மனத்தின் கடைசிக் கீற்று மட்டும் மிஞ்சியிருக்கும் இரவு. அதுவும் கரையும்போது விழித்திருந்து பார் என்கிறார்கள். தக்கன் சாபத்தால் தேய்ந்துகொண்டே போன சந்திரனைச் சிவன் எடுத்துச் சூடியதும் முழுநிலவாக இல்லை, பிறையாகத்தான்.

நந்தை, பத்திரை, சயை, இருத்தை, பூரணை என்று திதிகளை ஐந்து வகையாகப் பிரிப்பதும் உண்டு. முகூர்த்தம் பார்ப்பவர்களுக்கு அது வேண்டும். 4, 9, 14 ஆகிய திதிகள் இருத்தை, சுபகாரியத்துக்கு ஒதுக்குவார்கள் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

படி 5: விரதத்துக்கு எந்த நேரத்துத் திதி?

நாளுக்குப் பெயர் வைப்பது உதயத்தில் இருக்கும் திதி. விரதத்துக்கு அப்படி இல்லை. பிரதோஷத்துக்குப் பொழுதுபடும் வேளையில் திரயோதசி இருக்கவேண்டும். சங்கடஹர சதுர்த்திக்கு நிலவு உதிக்கும்போது சதுர்த்தி. சிவராத்திரிக்கு நடுச்சாமத்தில் சதுர்த்தசி. அமாவாசைத் தர்ப்பணத்துக்குப் பிற்பகலில் அமாவாசை. அதனால்தான் போயா (பூரணைக்கு அரசு விடும்) லீவு ஒரு நாளும் கோயிலில் பூரணை விரதம் மற்ற நாளுமாகச் சில மாதம் வரும். லீவு நாளை வைத்து விரதம் பிடிக்காதீர்கள். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையே இல்லாமல், நாலு பிறைக்கும் நாலு போயா என்று வாராந்த விடுமுறை விட்டார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிறைக்கணக்கு அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

படி 6: உங்கள் பிறந்த திதி

சாதகக் குறிப்பை எடுத்துச் சந்திரன் நின்ற பாகையிலிருந்து சூரியன் நின்ற பாகையைக் கழியுங்கள். மேஷத் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும், ஒரு இராசிக்கு 30 பாகை. சூரியன் மேஷம் 10 (10), சந்திரன் சிம்மம் 4 (124) என்றால் வித்தியாசம் 114. பன்னிரண்டால் வகுத்தால் 9.5. ஒன்பது முடிந்து பத்தாவது நடக்கிறது: வளர்பிறைத் தசமி. விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் 360 கூட்டுங்கள். சூரியன் விருச்சிகம் 10 (220), சந்திரன் சிம்மம் 10 (130) என்றால் 270 வரும், வகுத்தால் 22.5, 23ஆவது திதி, 15ஐக் கழிக்க 8. தேய்பிறை அட்டமி.

சந்திரனுக்குப் பட்சபலம் (பிறையை வைத்துச் சொல்லும் பலம்) பார்ப்பது இதை வைத்துத்தான். வளர்பிறைப் பிரதமை முதல் தசமி வரை மத்திமம், ஏகாதசி முதல் தேய்பிறைப் பஞ்சமி வரை பூரண பலம், அதன்பின் அமாவாசை வரை பலம் குறைவு என்று ஒரு முறை உண்டு. குறைவு என்றதும் பரிகாரம் கேட்டு ஓடவேண்டாம். சந்திரன் நின்ற இராசி, பார்க்கும் கிரகம் எல்லாம் பார்த்த பிறகுதான் சாத்திரியார் எதையும் சொல்லமுடியும். உங்களுக்கு இப்போது வேண்டியது, மாதத்தில் உங்கள் பிறந்த திதி வரும் நாளைக் குறித்துவைத்து அன்று சற்று அமைதியாக இருந்து பழகுவது.

கடைசியாக, 1996க்கும் 2006க்கும் இடையில் இலங்கையில் பிறந்தவர்கள் கவனிக்கவேண்டியது. 1996 மே 25இல் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னால் எடுத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே புழங்கியது. ஆகவே பிறந்த நேரம் எந்தக் கடிகாரப்படி எழுதப்பட்டது என்று அம்மாவிடம் கேளுங்கள். திதி முடியும் தறுவாயில் பிறந்திருந்தால் அரை மணியில் திதி மாறிவிடும். கனடாவிலோ லண்டனிலோ இருந்து இதைப் படிப்பவர்கள், இங்கத்தைய கலண்டரில் உள்ள நேரத்தை அங்கத்தைய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு விரதநாளைப் பாருங்கள். பல மாதம் அது முதல் நாளே வந்துவிடும்.