பொரிப்பக மீனையும் காட்டு மீனையும் மரபணு வழியே ஒப்பிடுவது எப்படி

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் ஒரு சால்மனோ, கடலுக்குச் சென்று ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் டிரவுட்டோ பொரிப்பகத்திலிருந்து (முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடும் இடம்) வந்ததா என்றறிய, வாலுக்குச் சற்று முன்னே முதுகிலிருக்கும் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அடையாளம் மீன் பிறந்த இடத்தை மட்டுமே சொல்லும். பொரிப்பக மீன்கள் ஆற்றில் இட்ட முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகளுக்குத் துடுப்பு முழுமையாகவே இருக்கும் என்பதால், பரம்பரையை அறிய மரபணுவைத்தான் படிக்க வேண்டும்.

எந்தக் காட்டு மீனோடு, அதாவது ஆற்றிலேயே இயல்பாகப் பிறந்து வளர்ந்த மீனோடு, ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆய்வின் தரம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. பொரிப்பகத்தின் தாய்மீன்கள் வேறோர் ஆற்றிலிருந்து கொண்டுவரப்பட்டவையானால், நீங்கள் காணும் வேறுபாடு இரண்டு ஆறுகளுக்கு இடையிலானதாக இருக்கலாம். அதைப் பொரிப்பகத்தின் விளைவென்று எழுதுவது பெரும் பிழை. சிறு குஞ்சுகளை ஒரே இடத்தில் அள்ளினால் உடன்பிறப்புகளே அதிகம் சேர்ந்துவிடும் என்பதால், பல இடங்களில், பல வயதுகளில் மாதிரி எடுங்கள். துடுப்பின் சிறு துண்டை 95 சதவீத எத்தனாலில் இட்டு, இடம், தேதி, நீளம் ஆகியவற்றைக் குறித்தால் போதும்.

ஆய்வகத்தில் மைக்ரோசாட்டலைட் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுகள்) அல்லது டிஎன்ஏவின் ஒற்றை எழுத்து மாறுபாடுகளைக் குறிப்பான்களாகப் படித்து, மரபணு வகைகளின் எண்ணிக்கையையும், இனப்பெருக்கத்தில் உண்மையில் பங்கேற்கும் பெற்றோரின் எண்ணிக்கையையும் கணக்கிடுங்கள். சில பெற்றோரிடமிருந்தே ஆயிரக்கணக்கான குஞ்சுகளை எடுக்கும் பொரிப்பகத்தில் அரிய வகைகள் விரைவில் மறைந்துபோகும். ஆனாலும் இந்தக் குறிப்பான்களில் வேறுபாடு தெரியாததால் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது, ஏனெனில் இவற்றில் பெரும்பாலானவை இயற்கைத் தேர்வின் கைபடாதவை.

அந்தத் தேர்வின் விளைவை அறியத் தலைமுறைத் தொடர் வேண்டும். ஒரிகன் மாநில ஹூட் ஆற்றில் அணையைக் கடந்த ஸ்டீல்ஹெட் மீன்களின் மரபணுவைப் பதிவு செய்து, பின்னர் திரும்பிவந்த சந்ததியோடு பொருத்திப் பார்த்தார்கள். பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இனப்பெருக்கத் திறன் சுமார் 40 சதவீதம் குறைவதை 2007இல் வெளியிட்டார்கள். அதே ஆற்று மீன்களின் சந்ததியை ஒரே சூழலில் வளர்த்த 2016 ஆய்வில், ஒரே தலைமுறையில் 723 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. சூழலின் தாக்கத்தைப் பரம்பரையிலிருந்து பிரிக்க, நீங்களும் இரு தரப்புக் குஞ்சுகளை ஒரே நீரில், ஒரே உணவில் வளர்த்தே ஒப்பிட வேண்டும். பொரிப்பகம் தொடங்குமுன் சேமித்த பழைய செதில்கள் கிடைத்தால் அவற்றையும் கட்டாயம் சேருங்கள். அவற்றிலிருந்தும் டிஎன்ஏ எடுக்க முடியும்.