பின்வளவுப் பைன் மேசையும் வீட்டு நாயும்: மெல்பேர்ணுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டண்டினோங், நோபிள் பார்க், கிளேற்றன் போன்ற மெல்பேர்ணின் தென்கிழக்குப் பகுதிகளில் முதன்முதலாக வாடகைக்கு வீடு எடுக்கும் எங்கள் குடும்பங்களுக்கு, வீட்டோடு ஒரு பின்வளவும், அந்த வளவில் வெயிலும் மழையும் தின்ற ஒரு பழைய மர மேசையும் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. கிடைக்காதவர்கள் முகநூல் சந்தையிலோ கம்ட்ரீ என்ற விற்பனை இணையத்தளத்திலோ குறைந்த விலைக்கு ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் புதிய பள்ளிக்கூடத்துக்குப் பழகி முடிவதற்குள் ஒரு நாய்க்குட்டியும் வீட்டுக்கு வந்துவிடும். மேசையைத் திருத்துவதையும் நாய்க்கு வளவைச் சீராக்குவதையும் ஒரே மூச்சில் செய்து முடிக்க நினைப்பது இயல்பு. ஊரில் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் இந்த நாட்டில் அந்த இரண்டு வேலைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கொடிய ஆபத்து இருக்கிறது: பழைய பைன் மேசைகளின் மரத்தில் ஊறியிருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சு. என் நெருங்கிய நண்பரின் வீட்டு நாய் அதில் அகப்பட்டு, சாகக் கிடந்து பிழைத்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் பேசாமலிருக்க மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

சட்டப்படி செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. விக்ரோரியாவில் 2020 மார்ச் 2 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டத்தின்படி, பிராணி வளர்க்க விரும்பும் குடித்தனக்காரர் அதற்குரிய படிவத்தில் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். மறுக்க விரும்பும் உரிமையாளர் 14 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்காவிட்டால் சம்மதம் கிடைத்ததாகவே கொள்ளப்படும். நாயானாலும் பூனையானாலும் மூன்று மாத வயதாகும்போது மைக்ரோசிப் பொருத்தி, உங்கள் பகுதி நகரசபையில் பதிவு செய்துவிட வேண்டும். அந்தப் பதிவை ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 10க்குள் புதுப்பிக்க வேண்டும். பூனைக்கு வெளியே திரிய நேரக் கட்டுப்பாடு விதித்திருக்கும் நகரசபைகளும் உண்டு. வளவில் ஏற்கெனவே கிடக்கும் மேசை, கதிரைகள் உரிமையாளருடையவையா என்பதை, குடிபுகும்போது தரப்படும் வீட்டு நிலை அறிக்கையில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அவற்றில் கைவையுங்கள். அவருடைய பொருளை அவரைக் கேளாமல் திருத்தி, பிறகு முற்பணத்தை மீட்க வழக்காடும் நிலை யாருக்கும் வர வேண்டாம். தெருவோரத்தில் பெரும் கழிவாக வைக்கப்பட்ட தளபாடங்களை எடுப்பதைத் தடை செய்யும் நகரசபைகள் இருப்பதால், கண்ணில் பட்டதைத் தூக்கி வருவதற்கு முன் அந்த விதியையும் பாருங்கள்.

திருத்தத் தகுந்த தளபாடங்கள் நிறையவே உண்டு. மெர்பாவ், ஜாரா போன்ற வன்மரங்களால் செய்யப்பட்டவை, நிறம் மங்கிச் சாம்பலாகிவிட்டாலும், உள்ளே உறுதியாகவே இருக்கும். சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, மெல்ல இழைத்து எண்ணெய் பூசினால் பல ஆண்டுகள் உழைக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல், வெளியே விரித்துக் காயவிட வேண்டும். ஆளி விதை எண்ணெய் கலந்த பூச்சுகள் காயும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். இரும்புக் கதிரைகளின் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசலாம். ஆனால் 1970க்கு முற்பட்டது என்று தோன்றும் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாகையால், அதைச் சுரண்டாமல் விட்டுவிடுவதே நல்லது. எந்தத் தளபாடத்தையும் புரட்டுவதற்கு முன் அடிப்பக்கத்தை விளக்குமாற்றால் தட்டிவிட்டு, கையுறை அணிந்து தூக்குங்கள். முதுகில் சிவப்புக் கோடுள்ள ரெட்பாக் சிலந்திகள் குடியிருக்க விரும்பும் இடம் அதுதான்.

இனி, நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் மேசை என்றால் தேக்கு, வேம்பு, பலா, பனை. அவை தம் இயல்பான வலிமையாலேயே கறையானைத் தாங்கும், உடைந்தால் விறகாகும், எரிந்தால் சாம்பலாகும், அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குவோம், கத்தரிச் செடிக்குத் தூவுவோம். அவுஸ்திரேலியாவின் மலிவான வெளிப்புறத் தளபாடங்களுக்கு மரம் தருவது ரேடியாட்டா பைன். அது மென்மையான மரம். பதப்படுத்தாமல் மண்ணிலும் மழையிலும் விட்டால் விரைவில் உளுத்துப்போகும். ஆகவே அதைச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றும் கலந்த கரைசலில் அழுத்தி ஊறவைத்தார்கள். செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும், ஆர்சனிக் கறையானைக் கொல்லும், குரோமியம் அவ்விரண்டையும் மர நார்களோடு பிணைத்து வைக்கும். இந்தக் கலவையை 1933இல் உருவாக்கியவர் சொண்டி காமேசம் என்ற இந்திய அறிவியலாளர். மரத்தைக் காப்பதில் அது உண்மையிலேயே பெரிய சாதனை. உலகெங்கும் மின்கம்பங்களையும் வேலிக்கம்பங்களையும் அது பல பதிற்றாண்டுகளாக நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். மனிதர் கையும் பிள்ளைகள் வாயும் படும் பொருட்களில் அது இருக்கலாகாது என்று முடிவு செய்து, 2006 மார்ச் முதல் தோட்டத் தளபாடங்கள், பிக்னிக் மேசைகள், விளையாட்டு உபகரணங்கள், வீட்டு மரத்தளங்கள், கைப்பிடிகள் ஆகியவற்றுக்கான மரத்தில் இந்தக் கலவையைப் பயன்படுத்துவதை அவுஸ்திரேலியா நிறுத்தியது. எனினும், ஏற்கெனவே செய்து விற்கப்பட்டவற்றை அகற்றும்படி யாரும் ஆணையிடவில்லை. அவைதான் இன்று உங்கள் வளவிலும் பழைய பொருள் விற்பவர்களின் பட்டியலிலும் இருக்கின்றன.

நண்பர் வாங்கிய மேசையும் அப்படிப்பட்ட ஒன்று. புதிதாக இருக்கும்போது அந்த மரத்தில் தெரியும் இளம்பச்சை நிறம் வெயிலில் மங்கி, பழைய வேலிப் பலகைபோல வெள்ளிச் சாம்பலாக மாறியிருந்தது. விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. உளுத்துப்போன இரண்டு கால்களை வெட்டியெடுத்துப் புதிய கால்களைப் பொருத்தி, மேற்பலகையைச் சாண்டர் இயந்திரத்தால் வழுவழுப்பாக இழைத்தார். நல்ல கைவேலைக்காரர், பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினோம். மரத்தூள் புல்லில் படிந்தது. வெட்டிய துண்டுகளைக் குளிர்காலத்தில் வளவிலுள்ள நெருப்புத் தொட்டியில் இட்டு எரித்தார்கள். அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்திருந்த நண்பரின் தாயார், கத்தரிப் பாத்தியில் பூச்சி விழுந்திருப்பதைக் கண்டு, ஆறிய சாம்பலை அள்ளி இலைகளின் மேல் தூவிவிட்டார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை; எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் தலைமுறை தலைமுறையாகச் செய்து பலன் கண்ட வைத்தியம் அது. குறை அந்த மரத்தில் இருந்தது. மிச்சச் சாம்பல் தொட்டியருகே குவிந்து கிடந்தது. குளிருக்கு அடுப்படிச் சாம்பலில் சுருண்டு படுப்பது எந்த ஊர் நாய்க்கும் சுகம்தானே. அந்த நாயும் அதில் படுத்து, எழுந்து, பாதங்களையும் வயிற்றையும் நக்கிக்கொண்டது.

முதலில் வாந்தி, பிறகு இரத்தம் கலந்த வயிற்றோட்டம், மாலைக்குள் எழுந்து நிற்க முடியாத தளர்வு. அவசர மிருக வைத்தியசாலையில் எலிப் பாஷாணமா, நத்தை மருந்தா, சொக்லேட்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே நண்பர் பதில் சொன்னார். நாயின் பாதத்தில் ஒட்டியிருந்த சாம்பலைக் கண்ட வைத்தியர் என்ன மரத்தை எரித்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. சேலைன் ஏற்றி, நாட்கணக்கில் அங்கேயே வைத்திருந்து காப்பாற்றினார்கள். செலவு பல ஆயிரம் டொலர். அதைவிட, தூவியது தன் கைதானே என்று அந்த அம்மா ஊருக்குத் திரும்பும் வரையில் மனம் தேறாமல் இருந்ததுதான் எங்களை வருத்தியது. அந்தப் பாத்தியிலிருந்து வீட்டில் யாரும் ஒரு கத்தரிக்காயும் உண்பதற்கு முன் இது தெரியவந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஏன் சாம்பல் இவ்வளவு கொடியதாகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மரத்தில் இருக்கும்வரை அந்த உலோகங்கள் நாரோடு பிணைந்து, மிக மெதுவாகவே கசியும். எரிக்கும்போது மரம் போய்விடுகிறது. ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு மேலெழ, மிச்சமெல்லாம் ஒரு பிடி சாம்பலில் செறிந்துவிடுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு வரையில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்குமாக அந்தச் சாம்பல் இருக்கலாம். அதன் உப்புச் சுவைக்காக மாடுகள் அதைத் தேடி நக்கிச் செத்துப்போவது இந்நாட்டு விவசாயிகள் அறிந்த செய்தி. காட்டுத்தீக்குப் பிறகு, எரிந்த வேலிக்கம்பங்களின் சாம்பலில் பிள்ளைகளையும் பிராணிகளையும் விடாதீர்கள் என்று சுகாதாரத் திணைக்களம் அறிவிக்கும். அந்த அறிவித்தல்கள் ஆங்கிலத்தில், நாட்டுப்புறத்து மக்களை நோக்கி வருகின்றன; நகரத்தில் பழைய மேசை வாங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கண்ணில் அவை படுவதே இல்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

ஆகவே, பைன் மரத்தாலானதும், வெளியில் வைப்பதற்கென்றே செய்யப்பட்டதும், 2006க்கு முற்பட்டதாகத் தோன்றுவதுமான எதையும் ஆர்சனிக் மரம் என்றே கொள்ளுங்கள். பலகையின் முனையில் சிறு பிளாஸ்டிக் அட்டை மிஞ்சியிருந்தால், அதிலுள்ள 01 அல்லது 02 என்ற பதனக் குறியீடு அதை உறுதிப்படுத்தும். அட்டை இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வாங்காதவர்கள் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வளவில் இருந்தால், இழைக்காமல், உயர் அழுத்தத் தண்ணீர் பீச்சாமல், மென்மையான தூரிகையாலும் சவர்க்காரத் தண்ணீராலும் கழுவிக் காயவிட்டு, எண்ணெய் சார்ந்த வர்ணம் பூசி மூடிவிடலாம். பூச்சு தேயும்போது மீண்டும் பூச வேண்டும். ஆடும் பாகங்களைத் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளால் இறுக்குங்கள். அந்த மரத்திலுள்ள செம்பு சாதாரண இரும்பாணியை அரித்துவிடும். வெட்டியே ஆக வேண்டுமென்றால், கீழே பிளாஸ்டிக் விரித்து, நுண்தூளைத் தடுக்கும் பி 2 முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நாயையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திய பிறகு வெட்டுங்கள். தூளை முழுவதும் சேர்த்துக் கட்டிவிட்டு, உடுத்த உடைகளைத் தனியே துவையுங்கள். துண்டுகள் தோட்டக் கழிவுக்கான பச்சைத் தொட்டிக்கு உரியவை அல்ல, பசளைக் குவியலுக்கும் உரியவை அல்ல. நகரசபையின் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோய், பதப்படுத்திய மரம் என்று சொல்லிக் கொடுங்கள். மண்ணைத் தாங்கும் பாத்தி மரங்களுக்கும் வேலிக்கம்பங்களுக்கும் இந்தக் கலவை இன்றும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதால், புதிய மரம் வாங்கும்போதும் கேட்டு வாங்குங்கள். மிஞ்சிய துண்டில் நாய்க்கூடு செய்யாதீர்கள்.

நாய்க்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கோடையில் நாற்பது பாகை தாண்டும் நாட்களில் சீமெந்துத் தரையும் செயற்கைப் புல்லும் பாதத்தைச் சுடும். மர நிழலோ கூரை நிழலோ நாள் முழுவதும் கிடைக்கும் இடத்தில், கால் வைத்த கட்டில் போன்ற துணிப்படுக்கை ஒன்றைப் போட்டு, இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வையுங்கள். வீட்டு நாய்க்கு எங்கள் வழக்கப்படி குழம்புச் சோறு பிசைந்து வைப்பதை நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. திராட்சையும் ஆகாது. செடிகளுக்கு இடும் நத்தை மருந்துக் குருணைகள் நாய்த்தீனி போலவே இருப்பதால் அவற்றை வளவுக்குள் கொண்டுவராதீர்கள்.

எரித்த சாம்பல் உங்கள் வளவில் ஏற்கெனவே கிடந்தால், கூட்டிப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசத்தோடும் கையுறையோடும் அள்ளி, இரட்டைப் பையில் கட்டுங்கள். எங்கே கொடுப்பது என்று நகரசபையைக் கேளுங்கள். மனிதர் வாய்க்குள் போயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் 13 11 26 என்ற நச்சுத் தகவல் நிலையத்தை உடனே அழையுங்கள். நாய் நக்கியிருந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல், அருகிலுள்ள இருபத்துநான்கு மணிநேர மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எரித்த மரத்தின் துண்டொன்று மிஞ்சியிருந்தால் அதையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள், என்ன விஷம் என்று வைத்தியர் தேடும் நேரமாவது மிச்சமாகும்.