இரண்டு எதிரொலிகளைக் கொண்டு கடலடிப் படிவின் அடர்த்தியைக் கணிப்பது எப்படி?

கடலடியில் இருப்பது சேறா மணலா என்பதை, ஒரே ஒலித்துடிப்பின் இரண்டு எதிரொலிகளை ஒப்பிட்டே ஓரளவு சொல்லிவிடலாம். முதலாவது தரையில் பட்டு நேராகத் திரும்புவது. இரண்டாவது, அப்படித் திரும்பியது நீர்ப்பரப்பில் மோதிக் கீழிறங்கி, மறுபடியும் தரையில் பட்டு வருவது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பதால் கருவியை அளவுத்திருத்தம் செய்யும் தொல்லை இல்லை. நான் இந்த முறையை விரும்பக் காரணம் அதுவே.

அமெரிக்காவின் கேப் காட் பகுதிக்குத் தெற்கே, 2017இல் பெரிய ஒலியியல் ஆய்வு நடந்த நியூ இங்கிலாந்து சேற்றுப் பரப்பை எடுத்துக்கொள்வோம். ஆழம் சுமார் 75 மீட்டர். நீரில் ஒலி வினாடிக்கு 1,500 மீட்டர் செல்வதால் எதிரொலிகள் 0.1, 0.2 வினாடிகளில் வரும். 3.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைப் பயன்படுத்துங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் தரையின் கரடுமுரடே மேலோங்கிவிடும்.

பதிவு சுருக்கப்படாத வேவ் கோப்பாக இருக்கட்டும். பதிவு செய்யும்போது, நேரத்துக்கேற்பக் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) உயர்த்தும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ஒலி பரவித் தேய்வதை அந்த வசதி ஏற்கெனவே ஈடுகட்டியிருக்கும்போது நீங்களும் ஈடுகட்டினால், விடை இரு மடங்காகிச் சேறு மணலாகத் தெரியும். முதல் எதிரொலியின் உச்சி வெட்டுப்பட்டிருந்தாலும் இதே கோளாறுதான். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, உச்சி தட்டையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதை எந்த மென்பொருளிடமும் விட்டுவிட வேண்டாம்.

பின்னர் பைத்தானின் சைப்பை நூலகத்தில் உள்ள ஹில்பர்ட் சார்பைக் கொண்டு அலையின் உறையை, அதாவது உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோட்டைப் பெற்று, ஒவ்வொரு எதிரொலியின் தொடக்கத்திலிருந்தும் 5 மில்லிவினாடி மட்டும் வெட்டி எடுங்கள். சேற்றுக்கு அடியில் 10 மீட்டரில் மணல் இருந்தால் அதன் எதிரொலி 13 மில்லிவினாடிக்குப் பிறகே வரும் என்பதால் அது கலக்காது.

இரண்டாவதன் வீச்சை முதலாவதன் வீச்சால் வகுத்து, பாதை இரு மடங்கு என்பதற்காக 2ஆல் பெருக்கினால் எதிரொலிப்புக் கெழு, அதாவது தரையில் படும் ஒலியின் வீச்சில் எவ்வளவு பங்கு திரும்புகிறது என்ற எண், கிடைக்கும். வீச்சுகள் 0.80, 0.06 என்றால் கெழு 0.15. இனி ஒன்றுடன் கெழுவைக் கூட்டிய 1.15ஐ, ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்த 0.85ஆல் வகுத்தால் 1.35; தரையின் அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கிய மதிப்பு, நீருக்குரியதைப் போல 1.35 மடங்கு என்று பொருள். மென்சேற்றில் ஒலிவேகம் நீரில் உள்ளதைவிடச் சற்றே குறைவு என்பதால், அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.4 கிராம் என்று வரும். துகள்களின் அடர்த்தியை 2.65 எனக் கொண்டால், படிவின் கன அளவில் ஏறத்தாழ 77 விழுக்காடு நீரே. மணலாக இருந்தால் கெழு 0.35ஐ ஒட்டி வரும்.

பின்சேர்க்கை: சேறு என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் கெழு மிக அதிகமாக வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். சேற்றில் மீத்தேன் குமிழிகள் சிக்கியிருந்தால் ஒலிவேகம் வெகுவாகச் சரிந்து எதிரொலி வலுக்கும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது, மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாறாகக் கெழு குறைவாக வந்தால், அன்று கடலில் அலை இருந்ததா என்று பாருங்கள். கலங்கிய நீர்ப்பரப்பு ஒலியைச் சிதறடித்து இரண்டாம் எதிரொலியை மெலியச் செய்துவிடும்.